ஆளுக்கு ஒரு கைப்பிடி

விலங்குகள் மேல் ஒட்டுதல் இல்லாத ஒரு பெண் எதற்காகக் கால்நடை மருத்துவராக ஆசைப்பட வேண்டும்?

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம், இரண்டு பைக்குகள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய அந்தச் சந்தில், தமயந்தியைத் தெரிந்த எல்லாரும் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருக்கிறார்கள். அதிகம் கேட்டவள் அவளைப் பெற்ற சம்பூர்ணம்.

தெருநாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தால் தமயந்தி குனிந்து தடவ மாட்டாள். வழியை மறித்துப் படுத்திருந்தால் "எழுந்திரு" என்று ஆளிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அது எழுந்து போகும்வரை நிற்பாள். மாடி வீட்டுப் பூனை குட்டி போட்டபோது சந்திலிருந்த பெண்பிள்ளைகள் எல்லாம் போய்ப் பெயர் வைத்துக் கொஞ்சிவிட்டு வந்தார்கள். இவளும் போனாள். திரும்பி வந்து, "ஒண்ணுக்குக் கண்ணுல சீழ் வச்சிருக்கு" என்றாள்.

"ஆசையா ஒரு நாய்க்குட்டியத் தூக்கி நான் பாத்ததில்ல. இவ மாட்டு டாக்டராவாளாம்" என்று சம்பூர்ணம், தான் சமையல் வேலை செய்யும் இடத்தில் சொல்வாள். அது இந்திராநகரில் ஐ.டி. கம்பெனிப் பெண்கள் தங்கும் ஒரு விடுதி. காலையில் அவசரமாக ஓடும் பெண்களை வழிமறித்து இன்னொரு இட்லியைத் தட்டில் வைப்பதில் அவளுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. வேண்டாம் என்பவர்களைச் சாப்பிட வைப்பதுதான் சமையல் என்பது அவள் எண்ணம்.

காரணம் கேட்கிறவர்களில் பலர் தங்களுக்கு ஏற்கெனவே பழகிப்போன ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். தமயந்தியிடம் அந்தப் பதில் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு பழைய பொங்கல்.

அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. சந்தின் கோடியில் கோவிந்தப்பாவின் மாட்டுக் கொட்டகை. மூன்று மாடுகள். அவர் பரம்பரையாக அல்சூர்க்காரர். பேச்சில் கன்னடமும் தமிழும் பாதிப் பாதி. மனைவி தனக்கோடி சுத்தத் தமிழ்ப் பேச்சு, சத்தமான பேச்சு. மாட்டுப் பொங்கலன்று சந்திலுள்ள எல்லா வீட்டிலும் முதல் படையல் அந்தக் கொட்டகைக்குத்தான். கொம்புக்குச் சாயம் பூசி, கழுத்தில் சாமந்தி மாலை போட்டு, கோவிந்தப்பா மாடுகளை வாசலில் கட்டிவிடுவார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் வரும். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடிக்காரர்களும் காரை ஓரங்கட்டிவிட்டு வந்து, தொட்டுக் கும்பிட்டு, வாழைப்பழமும் வெல்லமும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கௌரி என்ற மாடு கதவோரம் கட்டியிருந்தது. அதனால் அதற்குத்தான் எல்லாரும் முதலில் கொடுத்தார்கள்.

மறுநாள் கௌரி அசை போடவில்லை. இடது விலா உப்பியிருந்தது. சாணம் தண்ணீராகப் போனது. அதில் புளித்த மாவு வாடை. பிற்பகலில் கால் தள்ளாடி உட்கார்ந்துவிட்டது. மாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் காதைத் தொட்டுப் பார்த்தார், விலாவில் கையை வைத்து அழுத்தினார், பிறகு சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, "என்ன கொடுத்தீங்க?" என்றார்.

"வழக்கமாக் கொடுக்கறதுதான் சார்" என்றாள் தனக்கோடி.

"பொங்கல் சார்" என்றது ஒரு குரல். "எல்லா வீட்லேர்ந்தும்."

சம்பூர்ணம் மகளின் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். டாக்டர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வயிற்றுக்குள் அரிசி புளித்து அமிலமாகியிருக்கிறது, காலையிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும் என்றார். முடிந்ததைச் செய்தார். அடுத்த நாள் காலையில் கௌரி செத்துப்போனது. மஞ்சள் பூசி, மாலை போட்டு, கற்பூரம் காட்டி லாரியில் ஏற்றினார்கள். சந்தே அழுதது. அழுதுகொண்டே ஒவ்வொருவரும் ஒன்றையே சொன்னார்கள்: "நான் ஒரு கைப்பிடிதானே கொடுத்தேன்." எல்லாரும் சொன்னது உண்மைதான். அதுதான் அதிலிருந்த சிக்கல். பொய் சொன்ன ஒரு ஆள் இருந்திருந்தால் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

தமயந்தி அழவில்லை. சாப்பிடும்போது, "நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றாள்.

"படி. யார் வேணாம்னா?" என்றாள் சம்பூர்ணம் சந்தோஷமாக.

"மாட்டு டாக்டருக்கு."

சம்பூர்ணத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. துக்கத்தில் சொல்கிறாள், இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறக்கவில்லை. அதற்காகத் தமயந்தி பெரிய கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியாது. உயிரியல் அவளுக்கு வரும். வேதியியலை மல்லுக்கட்டி வசப்படுத்தினாள். இயற்பியல் கடைசிவரை அவளை மதிக்கவில்லை. பியூசி என்கிற பன்னிரண்டாம் வகுப்பு முடித்து முதல் முறை சி.இ.டி. நுழைவுத்தேர்வு எழுதியபோது அவளுடைய ரேங்க், சீட்டு கிடைக்கும் இடத்திலிருந்து எங்கோ தள்ளி இருந்தது. இரண்டாம் முறை கிட்டே வந்து நின்றது. கிட்டே வந்து நிற்பது இன்னும் மோசம். தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டுப் போய்விடலாம்.

அந்த இரண்டாம் வருடத்தில்தான் விவசாயி கோட்டா என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக இடங்கள் உண்டு. அதற்குச் செய்முறைத் தேர்வு ஒன்று வைப்பார்கள். தீவனத்தைக் காட்டி என்ன தீவனம் என்பார்கள், மாட்டைக் காட்டி என்ன ஜாதி என்பார்கள். தமயந்தி பள்ளிக்கூட நாளிலிருந்தே போகும்போதும் வரும்போதும் கோவிந்தப்பாவின் கொட்டகையில் நின்றுவிட்டு வருகிறவள். அந்தத் தேர்வு அவளுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அதில் உட்கார நிலம் வேண்டும்.

"நெலமா?" என்று சிரித்தான் அவள் அப்பா குணசேகர். கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்துக் கூலி லைனில் பிறந்தவன். சுரங்கம் மூடிய பிறகு ரயிலேறி வேலை தேடி வந்து, எம்.ஜி. ரோட்டில் ஒரு கட்டடத்தில் லிப்ட் மெக்கானிக்காக நிலைத்தவன். "எங்க தாத்தாவும் எங்கப்பாவும் ஆயுசு பூரா பூமிக்கு அடியிலயே கெடந்தாங்க. அடியில எவ்ளோ வேணும்னாலும் கேளு, தரேன். மேல நமக்கு ஒரு முழம் கெடையாது."

"மாடு வளக்கறவங்களுக்குக் கூடக் கெடையாதாம்பா. கோவிந்தப்பா மாமாவுக்குப் பொண்ணு இருந்தாலும் கெடைக்காது. நெலந்தான் வேணுமாம்."

"அப்ப மாடு எங்க நிக்கும்னு நெனச்சாங்க? ஆகாசத்துலயா?"

அன்று வீட்டில் சிரிப்பு அத்தோடு முடிந்தது. குணசேகர் வெளியே போய் நின்றான். லிப்டை மேலும் கீழும் அனுப்பிச் சரிபார்ப்பதே அவன் தொழில். தன் மகளை மட்டும் ஒரு மாடி ஏற்ற முடியவில்லை என்று சம்பூர்ணத்திடம் பிறகு சொன்னான். சொன்னதற்காக வெட்கப்பட்டு, மகளிடம் சொல்லாதே என்றான்.

மூன்றாம் முறையே கடைசி என்று வீட்டில் முடிவானது. அதற்குப் பிறகு நர்சிங்கோ வேறு ஏதாவதோ. முடிவு வீட்டுக்குள் எடுத்ததுதான்; ஆனால் அந்தச் சந்தில் சுவர்கள் மெல்லியவை. "நம்ம டாக்டரம்மாவுக்கு இது கடைசி வாய்ப்பு" என்று எல்லாரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். தனக்கோடி ஞாபகசக்திக்கு வல்லாரை லேகியம் கொண்டுவந்தாள். மாடி வீட்டு ஆம்ப்ரோஸ், ஓய்வுபெற்ற தபால்காரர், தினமும் இறங்கி வந்து நாளிதழில் பார்த்த ஜெயித்தவர்களின் கதையைப் படித்துக் காட்டினார். ஒருத்தி சோமேசுவரர் கோயிலிலிருந்து கயிறு கொண்டுவந்து கட்டிவிட்டாள். இன்னொருத்தி, தன் அக்கா மகனுடைய பழைய கைடுகளை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினாள். பாடத்திட்டம் மாறிவிட்டது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சம்பூர்ணம் பாதாமை ஊறவைத்துத் தோலுரித்துக் கொடுத்தாள், மதியத்துக்கு இரண்டு அடுக்கு டிபனில் மூன்று அடுக்குச் சாதத்தை அமுக்கிக் கொடுத்தாள், படிக்கும்போது பக்கத்தில் ஒரு தட்டை வைத்துவிட்டு அது காலியாகும்வரை வாசற்படியில் நின்றாள்.

"போதும்மா."

"ரெண்டு வாய்தான். மூளைக்கு வேணாமா?"

ஒருநாள் எல்லாரும் வந்து போன பிறகு தமயந்தி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆளுக்கு ஒரு கைப்பிடிதான்" என்றாள். சம்பூர்ணத்துக்கு அது காதில் விழுந்தது.

கமர்ஷியல் தெருப் பக்கம் ஒரு மாடியில் இருந்த கோச்சிங் சென்டரில் பெற்றோரைக் கூப்பிட்டனுப்பினார்கள். எரிக் என்ற இளைஞர்தான் அங்கே ஆலோசகர். முழுக்கைச் சட்டையும் சிரித்த முகமும்.

"பொண்ணு நல்லாத்தான் படிக்கறா மேடம். ஆனா மோட்டிவேஷன் பத்தல."

"அப்படின்னா சார்?" என்றாள் சம்பூர்ணம், அதுவும் ஏதோ சத்துக் குறைவு என்பதுபோல.

"மனசுல ஒரு வெறி இருக்கணும் மேடம். ஏன் இந்தப் படிப்புன்னு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்வாங்க. சின்ன வயசுல வளத்த நாய்க்குட்டி, அடிபட்ட புறா, இப்படி. இவ என்ன சொன்னா தெரியுமா? 'என்ன கொடுத்தீங்கன்னு கேக்க ஒரு ஆள் வேணும் சார்'னு சொல்றா. கிளாஸே சிரிச்சுது."

தமயந்தி சுவரிலிருந்த ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சவங்கள்ல எத்தினி பேருக்கு சீட்டு கெடைச்சுது சார்?" என்று கேட்டான் குணசேகர்.

"அவங்க எல்லாம் எம்.பி.பி.எஸ்.க்கு டிரை பண்றாங்க சார். வெட்னரி எல்லாம், அது கெடைக்காதவங்க போறது."

"அதுவே எங்களுக்குக் கெடைக்கலியே சார்."

எரிக் அதற்கும் சிரித்தார். படியிறங்கும்போது சம்பூர்ணத்துக்கு எரிச்சல் தாங்கவில்லை. "எனக்குப் பிராணின்னா உசுருன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னாடி, கொறைஞ்சா போயிடுவே?"

"உசுருதான்னு சொல்லிட்டு எல்லாரும் என்னம்மா பண்றாங்க?" என்றாள் மகள்.

காலை நேரங்களில் தமயந்தி காக்ஸ் டவுனில் டாக்டர் அச்யுத்தின் செல்லப்பிராணி கிளினிக்கில் உதவிக்கு இருந்தாள். ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது, மேசையைத் துடைப்பது, ரோமம் மழிப்பது. ஒருநாள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று சம்பூர்ணம் பஸ் பிடித்துப் போய் நின்றபோது, உள்ளே ஒரு தடித்த பக் நாய் மேசைமேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து வாந்தி. தமயந்தி ஒரு கையை அதன் தாடைக்கடியிலும் ஒரு கையை வயிற்றுக்கடியிலும் கொடுத்துப் பிடித்திருந்தாள். நாய் அசையவில்லை. அவள் அதனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவுமில்லை.

"என்ன சாப்பிட்டுது?" என்றார் டாக்டர்.

"எப்பவும் சாப்பிடறதுதான் டாக்டர்" என்றாள் நாய்க்குச் சொந்தக்காரி.

"ஒப்பட்டு வாசனை வருது" என்றாள் தமயந்தி. போளிக்கு அங்கே அந்தப் பெயர்.

அந்த அம்மாள் முகம் சிவந்தது. "ஒரே ஒரு துண்டு. அது பாக்கற பார்வைக்கு எப்படிம்மா கொடுக்காம இருக்கறது?"

"கண்ண மூடிக்கிட்டு."

அவர்கள் போன பிறகு டாக்டர், "கரெக்டாத்தான் சொன்னே. ஆனா கொஞ்சம் சிரிச்சிட்டுச் சொல்லு. இப்ப அவங்க வேற கிளினிக் பாத்துப்பாங்க, அங்கயும் அதே ஒப்பட்டத்தான் கொடுப்பாங்க" என்றார். சம்பூர்ணம் டிபனைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அந்த அம்மாள் சொன்னதுதான் அவளுக்கு நியாயமாகப் பட்டது. ஒரு பார்வை பார்த்தால் கொடுக்காமல் எப்படி இருப்பது?

மூன்றாம் வருடத்துப் பொங்கல் வந்தது. தமயந்தி முந்தின வாரமே கோவிந்தப்பாவிடம் போனாள்.

"மாமா, இந்தத் தடவை மாட்டை வாசல்ல கட்டாதீங்க."

"ஏய், ஹப்பத்து நாள்ல, பண்டிகையும் அதுவுமா, மாட்டை ஒளிச்சு வச்சா ஜனங்க என்னம்மா சொல்வாங்க? கொடுக்க வர்றவங்க கையைத் தட்டிவிடக் கூடாது தாயி. பேக்குன்னா, வேணும்னா, நீயே நின்னு சொல்லிக்கோ."

அவள் நின்றாள். அன்றைக்குக் கோச்சிங்கில் பெரிய மாதிரித் தேர்வு. அதைப் போகட்டும் என்று விட்டாள். ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து அகத்திக்கீரைக் கட்டுகள் வாங்கிவந்து கொட்டகை வாசலில் அடுக்கி வைத்தாள். பொங்கலைத் தொட்டுக் காட்டிவிட்டு எடுத்துப் போங்கள், மாட்டுக்கு இந்தக் கீரையைக் கொடுங்கள். இதுதான் அவள் கோரிக்கை. வீட்டிலும் அம்மாவிடம் முந்தின நாளே சத்தியம் வாங்கியிருந்தாள்.

"சரிடி, கொடுக்கல. என் தலைமேல அடிச்சு சத்தியம்" என்றிருந்தாள் சம்பூர்ணம். சொல்லும்போது மனமார்த்தான் சொன்னாள்.

விடிந்தும் விடியாமல் பால் பொங்கியது. முதல் கரண்டி இலையில் விழுந்தது. நெய் மினுங்கியது. தமயந்தி குளித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் முதல் கரண்டி போன இடத்துக்கு இந்த வருடம் போகவில்லையென்றால், அதுவும் மகளின் கடைசிப் பரீட்சை வருடத்தில், ஏதாவது ஆகிவிட்டால்? சம்பூர்ணம் இலையை முந்தானையால் மூடிக்கொண்டு விறுவிறுவென்று சந்தின் கோடிக்கு நடந்தாள்.

கொட்டகையில் யாருமில்லை. சரசு என்ற கறுப்பு மாடு இவளைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. அதன் தொட்டியில் ஏற்கெனவே நாலைந்து இலைகள் கிடந்தன. விளிம்பில் வெல்லப் பிசுக்கு. ஒரு மூலையில் வாழைப்பழத் தோல். சம்பூர்ணத்துக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எட்டு மணிக்குத் தமயந்தி வந்து காவல் நிற்பாள் என்பது சந்துக்கே தெரியும். அதனால் சந்தே அவளுக்கு முன்னால் எழுந்து, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல், வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இலைகளைப் பார்த்ததும் திரும்பியிருக்கலாம். ஆனால் எல்லா வீட்டிலிருந்தும் வந்திருக்கிறது, நம் வீடு மட்டும் இல்லை என்பதுதான் அவளுக்குப் பட்டது. கொடுக்கிறவருக்கும் ஒரு பசி இருக்கிறது. அது பெறுகிறவர் வாயில்தான் அடங்குகிறது. சரசு அவள் உள்ளங்கையை நக்கியது.

எட்டு மணியிலிருந்து மதியம்வரை தமயந்தி கொட்டகை வாசலில் நின்றாள். வந்தவர்கள் எல்லாம் அதிசயமாக அவள் பேச்சைக் கேட்டார்கள். கீரையை வாங்கி நீட்டிவிட்டுப் போனார்கள். தனக்கோடி மட்டும் இடுப்பில் கை வைத்து நின்று, "ரெண்டு தடவை எழுதியும் டாக்டராகலியாம். அதுக்குள்ள மாட்டுக்குப் பத்தியம் வச்சிட்டா பாரு எங்கம்மா" என்று உரக்கச் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள்.

"டாக்டரானா பீஸ் கேப்பேன் அத்தை. இப்பன்னா சும்மா" என்றாள் தமயந்தி. அதற்கும் சிரித்தார்கள்.

மதியம் வீட்டுக்கு வந்து அவளாகவே தட்டை எடுத்து வைத்தாள். "இந்த வருஷம் பரவால்லம்மா. சொன்னா கேக்கறாங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவைச் சம்பூர்ணம் பார்த்து நாளாகியிருந்தது. பொங்கலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சம்பூர்ணத்துக்குத் தன் தட்டிலிருந்தது இறங்கவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பண்டிகை நாளும் அதுவுமாக வேண்டாம் என்றும் நினைத்தாள். ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

மறுநாள் சரசு அசை போடவில்லை.

தமயந்திக்கு முதலில் அது புரியவே இல்லை. விலாவில் கையை வைத்துப் பார்த்தாள், சாணத்தைக் குனிந்து முகர்ந்தாள், தொட்டியைப் பார்த்தாள். தொட்டியைத் தனக்கோடி முந்தின நாள் எட்டு மணிக்கு முன்பே கழுவி வைத்திருந்தாள். "நேத்து நான் நின்னேனே. கீரைதானே கொடுத்தாங்க?" என்று கோவிந்தப்பாவைக் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருஷ்டியாக இருக்கும், சாயங்காலம்வரை பார்க்கலாம் என்றார்.

"சாயங்காலம்வரை வச்சிருந்தா போயிடும் மாமா. டாக்டருக்குப் போன் பண்ணுங்க."

"நீயே ஏதாவது கொடேன். அத்தனை புஸ்தகம் படிக்கிறியே."

"எனக்கு அந்த உரிமை இல்ல மாமா. நான் இன்னும் யாரும் இல்ல." என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு எந்த வகுப்பிலும் பயிற்சி கொடுப்பதில்லை. கடைசியில் அவளே போன் பண்ணினாள்.

இந்த முறை வந்தவர் ஒரு இளம்பெண். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மாட்டைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "என்ன கொடுத்தீங்க?"

"கீரைதான் மேடம். இந்தப் பொண்ணுதான் கொடுக்கச் சொன்னா" என்றாள் தனக்கோடி.

தமயந்தி மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையை நிமிர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். பார்வை தன்மேல் வருவதற்கு முன்னால் சம்பூர்ணத்துக்கு வாய் திறந்துவிட்டது.

"பொங்கல் மேடம். வெள்ளன வந்து நான் கொடுத்தேன். எனக்கு முன்னாடியே தொட்டியில நெறைய இருந்துது."

"ஓ, உன் வேலையா இது?" என்று தனக்கோடி திரும்பினாள். "மகள வாசல்ல காவல் வச்சிட்டு அம்மா பின்னால வந்து ஊட்டறாளா? நல்லா இருக்குடி உங்க நாடகம்." அவளோடு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சம்பூர்ணம் சொன்ன இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை.

டாக்டர் அதையெல்லாம் காதில் வாங்காமல் வேலையைத் தொடங்கினார். குழாயைச் செலுத்திச் சோடா கரைசலை உள்ளே விட்டார், நரம்பில் மருந்து ஏற்றினார். தமயந்தி தலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பக்கம் திரும்பவில்லை. நேரத்தோடு கூப்பிட்டதால் சரசு பிழைத்தது. பால் மட்டும் பாதியாகிவிட்டது. அந்தப் பாதிக்குச் சந்து முழுக்கச் சம்பூர்ணத்தைப் பொறுப்பாக்கியது.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு சண்டை போடுவாள் என்று சம்பூர்ணம் காத்திருந்தாள். சத்தியம் பண்ணினாயே என்று கேட்பாள். கேட்டால் சொல்வதற்கு நாலு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். தமயந்தி கேட்கவே இல்லை. அன்றும் இல்லை, அந்த வாரமும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு இயற்பியல் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு சம்பூர்ணம் தட்டை வைத்துவிட்டு வாசற்படியில் நிற்கவில்லை. மிச்சம் வைத்தால் பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள். எந்தப் பதிலையும் எவரும் கேட்காவிட்டால் அது உள்ளேயே கிடந்து புளித்துப்போகிறது.

ஏப்ரலில் சி.இ.டி. முடிந்தது. முடிவு வந்தபோது ரேங்க் பிரமாதம் என்று சொல்லும்படி இல்லை. ஆனால் போதும். போன வருடக் கணக்கைப் பார்த்தவர்கள் எல்லாரும், ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியே கிடைக்கும் என்றார்கள். பெங்களூரிலேயே, அல்சூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். ஆம்ப்ரோஸ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பேசாமலிருந்த தனக்கோடிகூட வந்து, "எங்க மாட்டப் பாத்துப் பாத்துத்தான் படிச்சா" என்று உரிமை கொண்டாடினாள். குணசேகர் லிப்டில் ஏறிய அறிமுகமில்லாதவர்களிடமெல்லாம் சொன்னான். சம்பூர்ணம் மனசுக்குள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டாள்: விடுதி வேலைக்குப் போகுமுன் மகளுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டிவிட வேண்டும், சாயங்காலம் அவள் வருகிற நேரத்துக்குச் சூடாக ஏதாவது. ஐந்து வருடம் இருக்கிறது. அந்தப் பொங்கலைப் பற்றி என்றாவது ஒருநாள் சாப்பிடும்போது தானாகப் பேச்சு வரும்.

கல்லூரிகளை ஆசைப்பட்ட வரிசையில் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். மேலே போட்டதில் இடமிருந்தால் அதைக் கொடுத்துவிடுவார்கள். கீழே உள்ளதை அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உமேஷ் என்பவர் வைத்திருந்த இன்டர்நெட் கடைக்கு அம்மாவும் மகளும் போனார்கள். உமேஷ் நாற்காலியைத் தமயந்தி பக்கம் தள்ளிவிட்டு, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தலைகீழாப் போட்டுட்டீங்களே. ஹெப்பாள் கடைசியில வந்திருக்கு. பீதர் முதல்ல போயிடுச்சு" என்றார் தமயந்தியிடம்.

"இல்ல. சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றாள் தமயந்தி.

"பீதர்னா கர்நாடகாவோட உச்சியில இருக்குதும்மா. ராத்திரி பூரா ரயில்ல போகணும். அங்கே கண்டிப்பாக் கெடைச்சிடும், அப்புறம் ஹெப்பாள் கேட்டாலும் வராது. தெரிஞ்சுதான் போடறீங்களா?"

"தெரியும்."

உமேஷ் சம்பூர்ணத்தைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல. சம்பூர்ணம் மகளின் தோளைத் தொட்டாள். "ஏன் தமா?"

தமயந்தி திரும்பி அவளைப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று சம்பூர்ணம் தேடினாள். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அந்தப் பெண் முன்பக்கம் திரும்பி, வரிசையை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தரம் படித்துப் பார்த்து, பீதரை முதலிலேயே வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

ஹெப்பாளில் இடம் நிரம்பிவிட்டதாம் என்றுதான் சம்பூர்ணம் சந்தில் சொன்னாள். தமயந்தி அதை மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை.